ஊரி குழறுகிறது: விஞ்ஞானத் தத்துவங்கள் பற்றிய மில்லின் கருத்தும் மட்டக்களப்பு வாவியும்

1. கேள்வி

இலங்கையில் உயர்தரக் கலைப்பிரிவு மாணவர்கள் கற்கும் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்ற பாடத்தில் ஜோன் ஸ்டுவர்ட் மில்லின் பெயர் தவறாமல் வருகிறது. ஒற்றுமை முறை, வேற்றுமை முறை, இரண்டும் சேர்ந்த கூட்டு முறை, எச்ச முறை, உடனிகழ் மாற்ற முறை என ஐந்தையும் மனனம் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் எழுதிப் புள்ளி வாங்குவதோடு மில் முடிந்துவிடுகிறார். அந்த ஐந்து முறைகளுக்கும் அடியில் கிடந்த பெரிய வாதம் வகுப்பறைக்குள் வருவது அரிது. விஞ்ஞானத்தின் தத்துவங்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு மில் சொன்ன விடை அது: அனுபவத்திலிருந்து, அதிலிருந்து மட்டும்.

‘தத்துவம்’ என்ற நம் சொல்லே இந்த விடைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஆக்கிமிடீசின் தத்துவம் என்று பௌதிக நூலில் படிக்கிற மாணவர், சைவசித்தாந்த வகுப்பில் முப்பத்தாறு தத்துவங்களை எண்ணுகிறார். இரண்டாவது இடத்தில் அந்தச் சொல் பொருள்களுக்கு முன்பே இருந்து அவற்றைத் தாங்கி நிற்பதைக் குறிக்கிறது. மில் கூறும் தத்துவமோ பொருள்களைக் கண்ட பிறகு எழுதி வைத்த குறிப்பேடு. இவ்விரு எண்ணங்களும் ஒரே சொல்லுக்குள் கலந்து கிடப்பதால், தமிழில் இந்த விவாதத்தை நடத்தும்போது கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

மில்லின் வாதத்தை ஆராய்வோர் வழக்கமாகக் கெப்ளரையும் நியூட்டனையும் எடுத்துக்கொள்வர். அவை முடிந்த கதைகள். முடிந்த விஞ்ஞானத்தில் தத்துவம் கட்டடம்போல நிமிர்ந்து நிற்கும். சாரம் கட்டிய மூங்கில்களைக் கழற்றி எடுத்துச் சென்றிருப்பர். எனவே இன்னும் முடியாத ஒரு விடயத்தை இங்கே எடுக்கிறேன்: மட்டக்களப்பு வாவியின் அடியிலிருந்து நிலாக் காலத்தில் கேட்கும் ஓசை. ‘மீன்பாடும் தேன்நாடு’ என்று இந்த மண்ணுக்குப் பெயர் வரக் காரணமான அதே ஓசை. தலைமுறைகளாகக் கேட்கப்பட்டது, எழுத்திலும் பதிவானது, அதை எழுப்புவது எது என்பது மட்டும் இன்றுவரை உறுதிப்படவில்லை. தத்துவம் பிறக்கும் இடத்தை, அது பிறப்பதற்கு முன்பே நின்று பார்க்க இது இடம் தருகிறது.

அறிவின் ஊற்று அனுபவமே என்பதில் மில் பெரும்பாலும் சரி. ஆனால் அனுபவத்தை எந்தச் சொற்களால் பிரித்து அடுக்குகிறோம் என்பதை அவர் மிக எளிதாக எடுத்துக்கொண்டார். வாவி இவ்விரண்டையும் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

2. மில் சொன்னது

மில் (1806–1873) பல்கலைக்கழகத்தில் படித்தவரோ படிப்பித்தவரோ அல்லர். 1823இல், பதினேழு வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் சேர்ந்து, 1858இல் கம்பெனியின் ஆட்சி முடியும்வரை அங்கே பணிபுரிந்தார். 1843இல் வெளியான அவருடைய அளவையியல் பெருநூல் அலுவலக வேலைக்கிடையில் எழுதப்பட்டது.

அந்நூலின் துணிச்சலான கூற்று, மனிதர் உண்மையில் பொதுவிதியிலிருந்து தனிச்செய்திக்குப் போவதில்லை என்பது. ஒரு தனிச்செய்தியிலிருந்து இன்னொரு தனிச்செய்திக்கே போகிறோம். ‘மனிதர் எல்லோரும் இறப்பர்’ என்ற வாக்கியம், இதுவரை கண்ட இறப்புகளைச் சுருக்கி, இனிக் காண்பவற்றுக்கும் அதுவே நேரும் என்ற துணிவையும் சேர்த்து எழுதிய குறிப்பு. குறிப்பேடு தொலைந்தாலும் அறிவு தொலையாது. இதற்கு அவர் ஒரு சாயத்தொழிலாளியின் கதையைச் சொல்கிறார். ஸ்கொட்லாந்து ஆலைக்காரர் ஒருவர் மிகுந்த சம்பளம் கொடுத்து இங்கிலாந்திலிருந்து ஒரு சாயக்காரரை அழைத்தார். அவர் சாயச்சரக்குகளைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போட்டார். நிறம் அபாரமாக வந்தது. தராசில் நிறுத்துப் பிறருக்குக் கற்றுக்கொடு என்றபோது அவரால் முடியவில்லை. கைக்குத் தெரிந்திருந்த அளவுக்கு விதி இருக்கவில்லை. விதி இல்லாமலும் அறிவு இருக்க முடியும் என்பதற்கு மில் காட்டிய சான்று இது.

இதே நியாயத்தை அவர் கடைசிவரை கொண்டுசெல்கிறார். இயற்கை ஒருசீராக இயங்குகிறது என்ற நம்பிக்கையும் அனுபவத்தின் தொகுப்பே. நாம் கண்ட எல்லைக்குள் அது மெய், தொலைதூர விண்மீன் வெளிகளில் காரணகாரியத் தொடர்பே இல்லாமல் நிகழ்ச்சிகள் நடக்கலாம் என்று எண்ணுவதில் முரண்பாடு எதுவும் இல்லை. கேத்திரகணித வெளிப்படை உண்மைகளும் அப்படியே. இரண்டும் ஒன்றும் மூன்று என்பதுகூடக் கூழாங்கற்களைப் பிரித்தும் சேர்த்தும் பார்த்த பழக்கத்தின் பயன்.

எதிர்த்தவர்களில் முதன்மையானவர் கேம்பிரிட்ஜின் வில்லியம் ஹியூவெல். 1840இல் வெளிவந்த தொகுத்தறி விஞ்ஞானங்களின் மெய்யியல் பற்றிய நூலில் அவர் சொன்னது சுருக்கமாக இது: தரவுகளைச் சேர்த்தால் மட்டும் விதி வராது, அவற்றைக் கோக்கும் ஓர் எண்ணத்தை மனம் தன் பக்கத்திலிருந்து கொடுக்க வேண்டும். முத்துகளுக்கு நூல்போல. செவ்வாயின் நிலைகளை எத்தனை குறித்துவைத்தாலும் நீள்வட்டம் என்ற எண்ணம் கெப்ளரிடமிருந்தே வரவேண்டியிருந்தது. மில் இதை ஏற்கவில்லை. அவருடைய மறுப்பைப் பின்னால், அதற்குப் பொருத்தமான இடத்தில் பார்ப்போம்.

3. கோட்டை வாசல் துறை, 1848

சேர் ஜேம்ஸ் எமெர்சன் டெனன்ட் 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தார். 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த அவர், பின்னர் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலிலும் 1861இன் இயற்கை வரலாற்று நூலிலும் இந்த ஓசையைப் பற்றி எழுதினார். அந்த விவரணையைக் கவனமாக வாசித்தால் அதற்குள் மூன்று அடுக்குகள் தெரிகின்றன.

முதல் அடுக்கு ஊர்ப்பேச்சு. பழைய ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே இருந்த தோணித்துறைக்கு மேலும் கீழும் சில இடங்களில் வாவியின் அடியிலிருந்து இசை கேட்கிறது, அது ஏதோ ஒரு மீன் எழுப்புவது என்று மக்கள் கருதினர். இரண்டாவது, மீனவர் சொன்னது. டெனன்ட் அவர்களை அழைத்துக் கேட்டார். தங்கள் தகப்பன்மார் காலத்திலிருந்தே இது தெரியும். வறண்ட காலத்தில்தான் கேட்கும். மழைவெள்ளம் வாவிக்குள் இறங்கியதும் நின்றுவிடும். எழுப்புவது மீனல்ல, ஊரி என்னும் சிப்பி என்று அவர்கள் சொன்னார்கள். கரையில் நிற்போரின் சொல்லும் தண்ணீரில் தொழில் செய்வோரின் சொல்லும் இங்கே வேறுபடுவதை டெனன்ட் பதிவுசெய்திருக்கிறார். பிற்காலத்தில் பெயர்ப்பலகைகளிலும் சின்னங்களிலும் வென்றது கரையின் சொல்.

மூன்றாவது, டெனன்ட் தாமே செய்தது. நிலவு எழுந்த பின் மீனவரோடு படகில் கோட்டை வாசல் துறையிலிருந்து வடகிழக்காக ஏறத்தாழ இருநூறு யார் தூரம் போனார். காற்றில்லை. ஓசை தெளிவாகக் கேட்டது. ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வோடு அதை ஒப்பிடுகிறார். தொடர்ந்து நீளும் ஒரே சுரமாக இல்லாமல், தனித்தனியே பிரிந்து கேட்ட எண்ணற்ற சிறு ஒலிகள், உச்சமும் மந்தமும் கலந்து. படகின் பலகையில் காதை வைத்தபோது ஓசை பெருகியது. படகு நகர நகர அது மாறியது. சில இடங்களில் அறவே கேட்கவில்லை. பழைய இடத்துக்குத் திரும்பியதும் உடனே கேட்டது. ஆகவே ஓசையின் காரணம் குறித்த இடங்களில் நிலையாக உள்ளது, இது மீனவர் சொன்ன ஊரிக்குப் பொருந்துகிறது, ஓடித்திரியும் மீனுக்குப் பொருந்தவில்லை என்று முடித்தார். கரையிலுள்ள பூச்சிகளின் ஒலி எதிரொலிக்கிறதோ என்ற ஐயத்தையும் கருதி விலக்கினார். பம்பாய்த் துறைமுகம் போன்ற வேறு நீர்நிலைகளிலும் இத்தகைய ஓசை கேட்டதாக வந்த செய்திகளைப் பக்கத்தில் வைத்தார்.

மில்லின் ஐந்து முறைகளைக் கற்ற எவருக்கும் இதில் அவை தெரியும். ஓர் இடத்தில் கேட்பதும் இன்னோர் இடத்தில் கேளாமையும் வேற்றுமை முறை. இடத்துக்கு இடம் ஓசையின் அளவு மாறுவது உடனிகழ் மாற்றம். பம்பாயையும் மட்டக்களப்பையும் சேர்த்துப் பார்ப்பது ஒற்றுமை முறை. விதிகளை வகுத்து வைத்துக்கொண்டு யாரும் துடுப்புப் போடவில்லை. கேட்பதும் நகர்வதும் திரும்பிவருவதும்தான் முதலில் நடந்தன. மில்லின் படிமம் இங்கே அச்சாகப் பொருந்துகிறது.

மீனவரின் கேட்கும் முறையும் மில்லுக்கே சாதகம். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் நட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பது வாவியில் அறியப்பட்ட பழக்கம். நீருக்குள் பிறக்கும் ஒலியின் ஆற்றலில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீர்ப்பரப்பைத் தாண்டிக் காற்றுக்குள் வரும். மிச்சம் கீழேயே தெறித்துத் திரும்பும். மரம் அந்தத் தடையைச் சுற்றிப்போக வழி தருகிறது. 1826இல் ஜெனீவா ஏரியில் பௌதிகவியலாளர் கொலடன் தம் நண்பர் ஸ்டர்முடன் சேர்ந்து நீரில் ஒலியின் வேகத்தை அளந்தபோது, நீரில் அமிழ்த்திய நீண்ட தகரக் குழாயின் மேல்முனையில் காதை வைத்துத்தான் தொலைவில் அடித்த மணியைக் கேட்டார். செக்கனுக்கு 1435 மீற்றர் என்ற விடை கிடைத்தது. துடுப்பும் அந்தக் குழாயும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. ஆனால் எவ்வளவு ஒலி மேலே வரும் என்ற அந்தக் கணக்கு, துடுப்பைக் காதில் வைத்துப் பார்த்த தடவைகளைக் கூட்டியதால் வந்ததல்ல. அலைபற்றிய கணிதம் அதற்கு வேண்டியிருந்தது. இந்த இடத்தில் மில்லின் சாயக்காரர் கதை பாதி வழியில் நின்றுவிடுகிறது.

4. வாக்கியம் பெயரானது

மீனவர் அந்த ஊரிக்குச் சொன்ன தமிழ்ப் பெயர் என்று டெனன்ட் ஆங்கில எழுத்தில் ஒன்றைத் தருகிறார். ஊரி என்ற சொல்லுக்குப் பின் ‘கூலூரு’, ‘கிராடு’ என்பதுபோல ஒலிக்கும் இரண்டு துண்டுகள். ‘அழும் சிப்பி’ என்று பொருள் தந்து, பெயரிலேயே ஓசை எதிரொலிக்கிறது என்று வியக்கிறார்.

துண்டுகளைச் சேர்த்து வாசித்தால் எனக்குக் கேட்பது ஒரு பெயரல்ல: ‘ஊரி குழறுகிறது’. குழறுதல் ஈழத்துப் பேச்சில் வாய்விட்டு அழுவதைக் குறிக்கும். குழறி அழுதாள் என்று இன்றும் சொல்கிறோம். படகில் இருந்த மீனவரின் வாயில் இது ‘குளறுது’ என்றே வந்திருக்கும். முழு வடிவம் இடையில் மொழிபெயர்த்தவரின் திருத்தமாக இருக்கலாம். இது என் வாசிப்பு. ஒலியும் டெனன்ட் தரும் பொருளும் சேர்ந்து இதற்கு இடம் தருகின்றன.

இந்த வாசிப்பு சரியானால், நடந்தது சிறிய விடயமல்ல. மீனவர் ஒரு கூற்றைச் சொன்னார்: கேட்கிற ஓசை இது, எழுப்புவது இது. அதில் காட்சியும் காரணம் பற்றிய ஊகமும் ஒன்றாக இருந்தன. மெய்யா பொய்யா என்று கேட்கத் தகுந்த வாக்கியம் அது. புத்தகத்தில் அது ஓர் உயிரினத்தின் பெயராக உறைந்துவிட்டது. பெயரை யாரும் சோதிப்பதில்லை. ‘பாடும் மீன்’ என்ற நம் சொல்லுக்கும் இதே கதி. ஓசை என்ற அனுபவத்தையும் மீன் என்ற கருதுகோளையும் சேர்த்து முடிந்த ஒரு பெயர் அது. மில்லின் கூற்றுப்படி பொதுவாக்கியம் என்பது கண்டவற்றின் குறிப்பேடு. இங்கே குறிப்பேட்டில் காணாத ஒன்றும் சேர்ந்து எழுதப்பட்டிருக்கிறது. பெயர் வடிவில் எழுதப்பட்டதால் அது கண்ணில் படவில்லை.

5. முறைகள் எங்கே தளர்கின்றன

டெனன்டின் முடிவு வாசிக்கும்போது உறுதியாகத் தோன்றுகிறது. ஆனால் அதில் ஒரு மறைமுகப் பொதுவிதி நிற்கிறது: மீன் நகரும், ஊரி நிலையாக இருக்கும். இதுவும் அனுபவத்தின் தொகுப்புத்தான். பெரும்பாலான மீன்களுக்குப் பொருந்தும். எல்லா மீன்களுக்கும் பொருந்தாது. 1980களில் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் சோசலிட்டோவில் படகுவீடுகளில் வசித்தவர்களை இரவெல்லாம் ஒரு முரலொலி வருத்தியது. எழுப்பியது தேரைமீன் இனத்தைச் சேர்ந்த ஒரு மீன். அதன் ஆண் கல்லுக்கடியில் கூடமைத்து, அங்கேயே கிடந்து, காற்றுப்பையை அதிரவைத்துப் பெண்ணை அழைக்கிறது. இனப்பெருக்கக் காலத்தில் அதுவும் நிலையான ஓசையே. வெள்ளை அன்னங்களை மட்டும் கண்டவர்கள் எல்லா அன்னமும் வெள்ளை என்று முடித்த தவற்றை மில் தாமே விரிவாகப் பேசுகிறார். கோட்டைத் துறையில் நேர்ந்தது அதுவே.

ஊரிக்கு எதிராகவும் ஒரு தடை இருக்கிறது. டெனன்டிடம் கொண்டுவந்து காட்டப்பட்ட சிப்பிகள் பெரும்பாலும் செரித்தியம், லிட்டோரினா என்ற சிறு நத்தை வகைகள். அவற்றுக்குக் காற்றுப்பை போன்ற ஒலியுறுப்பு இல்லை. எடின்பரோவின் கிராண்ட் என்ற விலங்கியலாளர் ஓடில்லாத ஒரு கடல்நத்தை கண்ணாடிச் சாடிக்குள் ‘கிளிங்’ என்று ஒலியெழுப்பியதைக் கவனித்திருந்தார். டெனன்ட் அதைத் துணைக்கு அழைக்கிறார். ஒரு சாடியிலிருந்து ஒரு வாவிக்கு அது நெடுந்தூரம். மறுபுறம், ஓசையெழுப்பும் மீன்கள் நமக்குப் புதியவை அல்ல. கெளிறு பிடித்தவுடன் கரகரக்கும். கீச்சான் என்று தமிழ்நாட்டுக் கரையில் ஒரு மீனுக்குப் பெயரே இருக்கிறது.

மழை பற்றிய மீனவர் கூற்றையும் மில்லின் தராசில் வைக்கலாம். மழைக்கு முன் ஓசை உண்டு, மழைக்குப் பின் இல்லை: வேற்றுமை முறை கேட்பது இதைத்தான். ஆனால் அந்த முறைக்கு ஒரே ஒரு சூழ்நிலை மட்டும் மாறி, மற்றவை மாறாதிருக்க வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று இறங்கும்போது மட்டக்களப்பில் அப்படி ஒன்று தனியாக மாறுவதில்லை. உப்பு குறைகிறது. நீர் கலங்குகிறது, உயர்கிறது. முகத்துவாரம் உடைகிறது அல்லது வெட்டப்படுகிறது. கடலும் வாவியும் கலக்கின்றன. காற்று அலையெழுப்பி வேறு ஓசைகளைக் கொண்டுவருகிறது. இரவில் தோணி இறக்குவோர் குறைகின்றனர். ஓசை நின்றதா, கேட்பது நின்றதா?

நிலவு பற்றிய கூற்றுக்கு இதே ஐயம் இன்னும் வலுவாகப் பொருந்தும். முழுநிலாவில் ஓசை மிகுதி என்கிறோம். முழுநிலாவில் கேட்கப் போவோரும் மிகுதி. அமாவாசை இருட்டில் துடுப்பைக் காதில் வைத்தவர் எத்தனை பேர்? காணவேண்டியதைக் காணாது விடுவதைத் தவறுகளில் ஒன்றாக வகைப்படுத்தியவர் மில்லே. அவருடைய எச்சரிக்கையை அவருடைய முறைகளோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். பாடநூல்கள் பெரும்பாலும் முறைகளைத் தனியே தருகின்றன. ஒரே விளைவு வெவ்வேறு காரணங்களால் வரலாம் என்றும் அவர் எச்சரித்தார். பம்பாயில் ஒன்றும் மட்டக்களப்பின் கல்லடியில் வேறொன்றும் பாடலாம். கல்லடியிலேயே பல உயிர்கள் சேர்ந்து பாடலாம். உச்சமும் மந்தமும் கலந்த எண்ணற்ற சிறு ஒலிகள் என்ற டெனன்டின் விவரணை அதற்கு இடம் கொடுக்கிறது.

6. தீவும் களப்பும்

ஹியூவெலுக்கு மில் கொடுத்த மறுப்பு இது. கடலோடி ஒருவன் முன்பின் அறியாத நிலத்தைக் காண்கிறான். கண்டமா தீவா என்று தெரியவில்லை. கரையோரமாகவே சென்று புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட்டால், இது தீவு என்கிறான். அவன் தன் மனத்திலிருந்து எதையும் சேர்க்கவில்லை. கண்டவற்றைத் தொகுத்துச் சொன்னான், அவ்வளவே. கெப்ளரின் நீள்வட்டமும் அப்படித்தான்.

மட்டக்களப்பு நகரம் புளியந்தீவில் இருக்கிறது. தோணியில் சுற்றிவந்தால் தீவு என்று தெரியும். மில்லின் கடலோடிக்கு இங்கே சிரமம் இல்லை. அவனைச் சூழ்ந்திருக்கும் நீர் என்ன என்று கேட்டால் சிரமம் தொடங்கும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமாகக் கரைக்கு இணையாகக் கிடக்கும் இந்த நீரை வாவி என்று எழுதுகிறோம், களப்பு என்று ஊர்ப்பெயரில் வைத்திருக்கிறோம், பேச்சில் ஆறு என்கிறோம். முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும் மாதங்களில் சுற்றிவரும் கடலோடி இதை ஏரி என்பான். வெள்ளத்தில் வாய் திறந்தபின் வருபவன் கடலின் கை என்பான். மழைக்காலத்தில் மேற்கிலிருந்து இறங்கும் நீரின் வேகத்தைப் பார்த்தவனுக்கு ஆறு என்ற சொல்லே சரியாகப் படும். மூவரும் கண்டதைத்தான் சொல்கிறார்கள். எதைக் காண வேண்டும் என்பதை அவர்கள் கொண்டுவந்த சொல் தீர்மானிக்கிறது.

எங்கள் மக்கள் இந்த நீரின் இரு கரைகளுக்கும் எழுவான்கரை, படுவான்கரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சூரியன் எழும் பக்கம், படும் பக்கம். வாழ்வின் நடுவே நீரை வைத்துத் திசையைப் பிரித்த எண்ணம் அது. நிலவரைபடத்திலிருந்து தொகுத்தெடுத்தால் இப்படி வராது. ஓசையைக் கேட்கப் போகிறவர் ‘வறண்ட காலம்’, ‘வெள்ளம்’, ‘நிலாக்காலம்’, ‘பாறையடி’ என்ற பிரிவுகளோடு போகிறார். மில்லின் முறைகள் சூழ்நிலைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு வேலைசெய்பவை. பட்டியலை யார் தந்தது என்பதை அவை கேட்பதில்லை. உப்பின் அளவு 1848இல் பட்டியலில் இல்லை, அலைவெண்ணும் இல்லை. இந்த இடத்தில் ஹியூவெல் கண்டது மெய். ஆனால் கோக்கும் எண்ணங்கள் மனத்தின் நிலையான சொத்து, அவசியமான உண்மைகள் என்று அவர் போன தூரத்துக்கு நான் போகமாட்டேன். களப்பு என்ற எண்ணம் களப்பில் பிழைத்தவர்களிடம் உருவானது. அனுபவம் அதைக் கொடுத்தது. கொடுத்தபின் அதுவே அடுத்த அனுபவத்தை வடிகட்டுகிறது.

7. காண்டல், கருதல், உரை

அனுபவமுதல்வாதத்தின் வரலாற்றில் வெப்பநாட்டவர் ஒரு விசேட பாத்திரம் வகிக்கின்றனர். ஆங்கில மெய்யியலாளர் லொக் தம் 1690ஆம் ஆண்டு நூலில் சீயத்து அரசனின் கதையைச் சொல்கிறார்: ஒல்லாந்துத் தூதர், தம் நாட்டில் குளிரில் தண்ணீர் யானையைத் தாங்கும் அளவுக்கு இறுகும் என்றார், ‘நீர் பொய்யர் என்று இப்போது உறுதியாகிவிட்டது’ என்றான் அரசன். ஹியூம் 1748இல் இதை ஓர் இந்திய இளவரசனின் கதையாக எடுத்து, உறைபனியை நம்ப மறுத்த அவன் நியாயமாகவே சிந்தித்தான் என்றார். கண்டறியாததைச் சாட்சி சொன்னால் எவ்வளவு நம்புவது என்பதே இருவருக்கும் கேள்வி. கோட்டைத் துறையில் அந்தக் கதை திரும்பி நிற்கிறது. இங்கே சாட்சி சொன்னவர் மீனவர். கண்டறியாதவர் வடநாட்டிலிருந்து வந்தவர். அவர் நம்பாமல் விடவில்லை, படகேறிப் போனார் என்பது டெனன்டுக்குப் பெருமை.

நம் மரபில் இந்தக் கேள்விக்குத் தெளிவான கலைச்சொற்கள் உள்ளன. மணிமேகலையில் பூதவாதி காண்டலை மட்டும் ஏற்கிறான். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் அளவைகளைத் தொகுத்துக் காண்டல், கருதல், உரை என மூன்றாக்குகிறார். வாவியின் செய்தியை இப்படிப் பிரித்தால் குழப்பம் குறைகிறது. தகப்பன்மார் காலத்திலிருந்து தெரியும் என்பது உரை. பலகையில் காதை வைத்துக் கேட்டது காண்டல். ஊரிதான் என்பது கருதல். மில்லின் நூலில் உரைக்குத் தனி இருக்கை இல்லை. பிறர் சொல்வதை நம்புவதும் பிறர் பெரும்பாலும் மெய் சொல்கிறார்கள் என்ற தொகுத்தறிவின் பயனே. கொள்கையளவில் அது சரியாக இருக்கலாம். ஆனால் யாருடைய உரை கணக்கில் வருகிறது என்பது வேறு கேள்வி. டெனன்டின் இலங்கை நூல் வெளியான அதே 1859இல் மில்லின் சுதந்திரம் பற்றிய நூலும் வெளிவந்தது. ‘பின்தங்கிய’ சமூகங்களுக்கு அந்தச் சுதந்திரம் பொருந்தாது என்ற விலக்கு அதன் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. விதியெழுதத் தெரியாத சாயக்காரரின் அறிவை மதித்தவர், கம்பெனி ஆண்ட மக்களின் தீர்ப்பை மதிக்கத் தயங்கினார். அவருடைய அறிவுக்கொள்கை அவருடைய அரசியலைவிட விசாலமானது என்று நினைக்கிறேன்.

உரை என்னும் அளவை நிலைக்க, சொல்பவர் அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். உள்நாட்டுப் போர்க்காலத்தில் எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே இந்த நீர் ஓர் எல்லைக்கோடாக மாறியது. இரவில் தோணி இறக்குவது உயிரோடு விளையாடுவதாக இருந்தது, தடைகளும் இருந்தன. நிலாக்காலத்து வாவி ஒரு தலைமுறைக்கு மூடிக்கிடந்தது. போருக்கு முன், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க இயேசுசபைக் குருவானவர் லாங் இந்த ஓசையை ஒலிப்பதிவு செய்தார். இலங்கை வானொலியிலும் அது ஒலித்தது. பின்வந்தோரில் பலருக்கு ஓசை கதையாகவே எஞ்சியது. இதைத் துக்கத்தோடு எழுதுகிறேன். தொகுத்தறிவு பற்றிய நூல்கள் அனுபவம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகவே பேசுகின்றன.

8. எண்

கல்லடியில் அடக்கமான விபுலானந்த அடிகள் (1892–1947) இந்த ஓசையை ‘நீரர மகளிர்’ என்ற பாட்டாக்கியவர். அவர் விஞ்ஞானம் கற்றவர், கற்பித்தவர். 1947இல் வெளியான யாழ்நூலில் அவர் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்ணால் காணவோ காதால் கேட்கவோ வழியில்லை: யாழ் வழக்கொழிந்துவிட்டது. பழம்பாடல்களையும் உரைகளையும் நரம்புகளின் கணித விகிதங்களையும் கொண்டு அவர் இசைமுறையை மீட்க முயன்றார்.

அந்த விகிதங்களில் ஒன்றை மட்டும் எடுக்கிறேன். இளி என்பது ஆதார சுரத்துக்கு 3/2 மடங்கு. இளிக்கு இளி என்று பன்னிரண்டு தடவை ஏறினால், ஏழு மண்டிலங்கள் (ஒவ்வொன்றும் இருமடங்கு) ஏறிய இடத்துக்கு மிக அருகில் வருவோம். ஆனால் அதே இடத்துக்கு வரமாட்டோம். ஒருபக்கம் மூன்றின் பெருக்கமான 531441, மறுபக்கம் இரண்டின் பெருக்கமான 524288. எத்தனை தடவை ஏறினாலும் இரண்டும் சமமாகாது. மூன்றை மூன்றால் பெருக்கிக்கொண்டே போனால் ஒற்றை எண்ணே வரும். இரண்டைப் பெருக்கினால் இரட்டை எண்ணே வரும். கூழாங்கற்களை எண்ணிப் பழகித்தான் எண் நமக்கு வந்தது என்று மில் சொல்வதை ஒப்புக்கொள்ளலாம். ‘ஒருபோதும் சமமாகாது’ என்ற உறுதியை எந்தக் கூழாங்கல்லும் தரவில்லை. தொலைதூர விண்மீன் வெளியில் ஒருவேளை சமமாகலாம் என்று எண்ணிப்பார்க்கவும் முடியவில்லை. 1884இல் அளவையியலாளர் பிரேகே மில்லின் கூழாங்கற் கணிதத்தைக் கடுமையாகத் தாக்கியபோது காட்டிய விரிசல் இதை ஒட்டியதே. வாவியின் ஓசைக்கு நாளை ஒரு விளக்கம் வரும்போது அதில் இவ்விரண்டு வகை உறுதிகளும் கலந்திருக்கும்: மழைக்குப் பின் நிற்கும் என்பது ஒருவகை, அலையின் கணக்கு இன்னொருவகை.

9. இனிச் செய்யக்கூடியது

பிரிக்க முடியாமல் சேர்ந்து மாறும் சூழ்நிலைகளைப் பிரிப்பதற்கு வாவியின் நீளமே உதவும். முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள நீரும் தொலைவிலுள்ள நீரும் ஒரே உப்பாக இருப்பதில்லை. பாலமீன்மடு, கல்லடி, மண்முனை, பட்டிருப்பு, கல்லாறு என ஒரே இரவில், ஒரே நிலவின் கீழ், நீரொலிவாங்கிகளை இறக்கி உப்பையும் வெப்பத்தையும் சேர்த்து அளந்தால் நிலவையும் உப்பையும் தனித்தனியே பார்க்கலாம். அமாவாசையிலும் அதையே செய்ய வேண்டும். அப்போதுதான் கேட்கப் போனவர்களின் எண்ணிக்கை ஓசையின் அளவாக மாறாது. முகத்துவாரம் திறக்கும் நாளைக் குறித்து, அதற்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் இடைவிடாமல் பதிய வேண்டும். பதிவானதைக் கரகரப்பு, முரல், சொடுக்கு என்று ஒலிவடிவால் பிரித்து, ஒவ்வொன்றும் எழும் இடத்தில் வலைபோட்டும் அடியைத் துழாவியும் பார்க்க வேண்டும்.

கருவியை எந்த இடத்தில் இறக்குவது என்பது இதில் எதிலும் அடங்கவில்லை. டெனன்டுக்கு அதைக் காட்டியவர்கள் மீனவர்கள். துறைக்கும் கால்வாயைக் குறுக்கிடும் பாறைக்கும் நடுவே என்று அவர்கள் கைநீட்டிய இடம் பின்வந்த பாலங்களாலும் வண்டல் படிவாலும் மாறியிருக்கக்கூடும். அந்த இடங்களின் பெயர்களையும் ‘குளறுது’ போன்ற சொற்களையும் வைத்திருக்கிற மூத்த தோணிக்காரர் இன்னும் இரு கரைகளிலும் இருக்கிறார்கள். முதலில் போகவேண்டியது அவர்களிடம்.